ஆடிட்டரின் இடது கால்

ஆடிட்டர் ஓய்வு பெற்றார். அவருடைய சந்தேகம் ஓய்வு பெறவில்லை. வேலையில் இருந்த காலத்தில் அவர் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் மேசை விசிறிகூடச் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கும் என்று பேச்சு. குண்டூசி டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தே, இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். யாராவது வணக்கம் சொன்னால், இவன் ஏன் இன்றைக்கு வணக்கம் சொல்கிறான் என்று மாலை வரை யோசிப்பார்.

ஓய்வுக்குப் பிறகு மனிதர் தோட்டம் போடுவார், செடிகளைச் சந்தேகப்படுவார், வீடு நிம்மதியாக இருக்கும் என்று மனைவி எதிர்பார்த்தாள். அவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினார். இரண்டே இருக்கை. கியரைக் கையால் மாற்ற வேண்டும். உள்ளே உட்கார உடம்பை மூன்றாக மடிக்க வேண்டும். வெளியே வர அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் வேண்டும். அவ்வளவு தாழ்வு. ரோட்டில் போகும்போது தெருநாய்கள் அவரைக் குனிந்து பார்க்கும்.

இதற்கெல்லாம் காரணம் சம்பந்தி. மகளைக் கொடுத்த வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவரிடம் ஒரு நீலக் கார் இருந்தது, அதுவும் இதே மாதிரிக் கைக்கியர். ஊருக்கு வெளியே விமானம் வராத பழைய ஓடுதளம் ஒன்று உண்டு. ஞாயிறு காலைகளில் கார் சங்கத்தார் அங்கே கூடி, இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி ஓடவிடுவார்கள். நேர்கோட்டில் கால் மைல். திருப்பம் கிடையாது, பிரேக்கைக் கடைசியில் மிதித்தால் போதும். யார் முதலில் போய்ச் சேருகிறாரோ அவர் அடுத்த ஞாயிறு வரை சிரித்துக்கொண்டிருக்கலாம். பல் டாக்டர் இயல்பிலேயே சிரித்த முகம். அந்தச் சிரிப்பை ஆடிட்டரால் தாங்க முடியவில்லை.

நின்ற இடத்திலிருந்து ஒரு காரைக் கிளப்புவது டாக்ஸிக்காரரும் செய்கிற காரியம்தானே என்று யாரும் ஆடிட்டர் காதில் விழும்படி சொல்லிவிடக் கூடாது. பந்தயத்தில் பாதி அந்த முதல் நொடியில்தான் இருக்கிறது. கிளட்ச் தரையோடு தரையாக அழுந்தியிருக்க வேண்டும். முதல் கியர். வலது கால் என்ஜினைச் சரியான ஸ்வரத்தில் பாட வைத்துக்கொண்டிருக்கும். இடது கால் மெல்ல மேலே வரும். ஓரிடத்தில் கார் லேசாக முதுகை வளைக்கும், பாயப்போகிற பூனை மாதிரி. கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் விட வேண்டும். சடாரென்று விட்டால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கும், இல்லாவிட்டால் என்ஜின் விக்கி அணைந்துவிடும். தயங்கித் தயங்கி விட்டால் கிளட்ச் கருகி, நாற்றம் ஒரு வாரத்துக்குச் சட்டையை விட்டுப் போகாது.

ஆடிட்டரின் இடது காலுக்கு அந்த இடம் அத்துப்படி. இதற்கென்றே ஒரு பழைய ஜோடி ஷூ வைத்திருந்தார். கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது ஷூவின் அடி தேய்ந்து, தாள் மாதிரி மெலிந்து, கண்ணாடி மாதிரி வழுவழுத்திருந்தது. "ரோட்டுல கிடக்கிற முடியைக்கூட இந்த அடி வழியா உணர்வேன்" என்பார். தூக்கத்தில்கூட அந்தக் கால் கிளட்ச்சைத் தேடும். கட்டிலின் கால்மாட்டுப் பலகை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

முதல் தோல்வி ஒரு வாளித் தண்ணீரால் வந்தது. ஓடுவதற்கு முன்னால் எல்லோரும் ஈரத்தில் பின் டயரைச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்வார்கள். சூடான ரப்பர்தான் தரையைக் கவ்வும். தண்ணீர் ஊற்றுகிறவர் பல் டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர் என்று ஆடிட்டருக்குத் தெரியவந்தது. அந்த வாளியில் எண்ணெய் கலந்திருந்தால்? தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போனார், டயரைச் சூடேற்றாமலே கோட்டில் நின்றார். பச்சை எரிந்தது. சிவப்புக் கார் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றி, ஓடுதளம் முழுக்கப் புகை போட்டது. அந்தப் புகையில் பறவைகள் வழி தவறி இரண்டு நாள் அங்கேயே சுற்றியதாகச் சங்கத்தார் இன்றும் சொல்கிறார்கள். புகை விலகியபோது பல் டாக்டர் மறுமுனையில் காரிலிருந்து இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்.

"டயர் குளிர்ந்து இருந்திருக்கும் சம்பந்தி" என்றார், சிரித்தபடி.

டயர் குளிர்ந்திருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? ஆடிட்டர் அங்கேயே பிடித்துக்கொண்டார். யாரோ காரில் கை வைத்திருக்கிறார்கள். தன் கார் ஷெட்டில் தனியாக இருக்கும்போது யாரோ உள்ளே உட்கார்ந்து, கிளட்ச்சைத் திருகிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை மாலை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய முகப்பவுடர் டின்னை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கிளட்ச் பெடல் மேல் பவுடரைத் தூவினார். எவன் கால் வைத்தாலும் தடம் விழும். தணிக்கை வாழ்க்கையில் எத்தனையோ பீரோ கைப்பிடிகளில் அவர் செய்து பார்த்து, எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்த வித்தை அது.

ஞாயிறு காலை டார்ச் அடித்துப் பார்த்தார். பவுடர் தூவியது தூவியபடி இருந்தது. வேறு யாராவது என்றால் நிம்மதி அடைந்திருப்பார்கள். ஆடிட்டருக்கு வியர்த்துவிட்டது. பவுடர் இருப்பதைத் தெரிந்துகொண்டு தொடாமல் போயிருக்கிறான் என்றால் வந்தவன் சாதாரண ஆள் இல்லை.

காய்ந்த துணியால் பெடலை நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் பந்தயத்துக்குப் போனார். இந்த முறை டயரைச் சூடேற்றினார். விளக்குகள் மஞ்சளாக ஒவ்வொன்றாக இறங்கின. இடது கால் மேலே வந்தது, கார் முதுகை வளைத்தது. அந்த மூச்சில் கால் பெடலிலிருந்து வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போயிற்று. கார் தவளை மாதிரி ஒரு தாவல் தாவி, ஒரு விக்கல் விக்கி, அணைந்துபோயிற்று. அந்த அமைதியில் பல் டாக்டரின் நீலக் கார் தூரத்தில் மூன்றாவது கியருக்கு மாறுவது தெளிவாகக் கேட்டது.

கார் நின்ற கையோடு ஆடிட்டர் குனிந்து பார்த்தார். கிளட்ச்சுக்குக் கீழே, காலடியில் விரித்திருந்த கறுப்பு ரப்பர் மேட்டின் மேல், பால்வெள்ளையாக ஒரு ஷூத் தடம். பாதி அடிதான் விழுந்திருந்தது. பெருவிரல் பக்கம் பிறைநிலா மாதிரி ஒரு வெட்டுக்குறி.

அகப்பட்டான்.

போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். தோல்வியின் துக்கம் போன இடம் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க, தலை குனிந்து எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டே நடந்தார். மனிதருக்குப் பணிவு வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

முதலில் மெக்கானிக். அவன் இரண்டு சம்பந்திகளின் கார்களையும் பார்க்கிறவன். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆடிட்டர் போனபோது அவன் ஒரு வேனுக்கு அடியில் பாதி உடம்போடு கிடந்தான்.

"சம்பந்தி வண்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"நல்லான்னா, எந்த விதத்துல நல்லா?"

"ஓடுது சார்."

"என் வண்டி?"

"அதுவும் ஓடுது. நீங்கதான் ஓட மாட்டேங்கறீங்கன்னு டாக்டர் சொன்னார்."

ஆடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார். "இடது காலைக் கொஞ்சம் தூக்கு."

"ஏன் சார், அடில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?"

"அதைத்தான் பார்க்கணும்."

மெக்கானிக் காலைத் தூக்கினான். அடியில் ஊரிலுள்ள கிரீஸ் அத்தனையும் இருந்தது, பிறை இல்லை. ஒரு வேளை கிரீஸ் தடவி மறைத்துவிட்டானோ என்று ஆடிட்டர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார்.

அடுத்தது மாப்பிள்ளை. சொந்த மாப்பிள்ளைதான், ஆனால் ரத்தம் அந்த வீட்டு ரத்தம். அவர் சாப்பிட வந்த அன்று, வாசலில் கழற்றிவைத்த ஷூவை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் சுவரோரம் ஒதுங்கி, போன் படத்தோடு ஒத்துப்பார்த்தார். நிமிர்ந்தால் மாப்பிள்ளை நிற்கிறார்.

"மாமா, ஷூ பிடிச்சிருந்தா சொல்லுங்க. உங்க சைஸ்ல ஒண்ணு வாங்கித் தரேன்."

"சேச்சே, சும்மா பார்த்தேன் மாப்ள. அடி நல்லா இருக்கு."

"முகர்ந்து பார்த்தீங்களே."

"தோல் அசலான்னு பார்த்தேன்."

மாப்பிள்ளை அன்றைக்கு வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். அது வேறு சந்தேகமாகப் போயிற்று.

கடைசியில் மனைவியின் முறை. அவள் தினமும் காலையில் நடக்கப் போகிறவள். அதற்கென்று இளஊதா நிறத்தில் ரப்பர் அடி போட்ட கான்வாஸ் ஷூ வைத்திருந்தாள். படத்தை அவள் முன்னால் நீட்டி, ஷூவைக் காட்டச் சொன்னார். அவள் படத்தைப் பார்த்தாள், பிறையைப் பார்த்தாள், ஷூவைக் கழற்றிக் காட்டினாள். பிறகு நிதானமாக உட்கார்ந்தாள்.

"உங்க வேலை முடிஞ்சுதா? இப்ப நான் ஒண்ணு கேட்கறேன். என் பவுடர் டின் எங்க போச்சு?"

ஆடிட்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"கல்யாணத்தன்னிக்கே முகத்துல பவுடர் போட விடாத மனுஷன் நீங்க. போன சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குள்ள போனீங்க, ரோஜா வாசனையோட வெளிய வந்தீங்க. யாருக்காக?"

"அது விசாரணை சம்பந்தப்பட்டது."

"அப்படியா. அப்ப என் தீர்ப்பையும் கேட்டுக்குங்க. நீங்க தோக்கறது எனக்குப் பெருசில்ல. தோத்துட்டு வந்து வீட்ல இருக்கிறவங்க காலை எல்லாம் தூக்கிப் பார்க்கறீங்க பாருங்க, அது என்னால ஆகாது. இந்த ஞாயித்துக்கிழமையும் தோத்தீங்கன்னா அந்தக் கார் இந்த வீட்ல இருக்கக் கூடாது. சரின்னு சொல்லுங்க."

தோற்கப்போவது யார் என்ற வீராப்பில் ஆடிட்டர் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. சிவப்புக் கார் இல்லாத ஷெட்டை ஒரு கணம் மனத்தில் பார்த்தார். அங்கே ஒரு மண்வெட்டியும் பூச்செடித் தொட்டிகளும் இருந்தன. கூடவே இன்னொன்றும் தோன்றியது. தான் தோற்றால் லாபம் சம்பந்திக்கு மட்டுமல்ல. இவளுக்கும்தான்.

அந்தச் சனிக்கிழமை டின்னில் மிச்சமிருந்த பவுடர் முழுவதையும் கொட்டினார். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர், மேட், ஒன்றையும் விடவில்லை. ஷெட்டுக்குள் பனி பெய்த மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் மறுபடியும் ஒருவனும் வரவில்லை. போன தடவை மாதிரியே காய்ந்த துணியால் பெடல்களைத் தேய்த்தார். மேட்டைத் தட்ட நேரமில்லை, ஏனென்றால் மனைவி நடைஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன்."

"நீ ஒரு நாளும் வந்ததில்லையே."

"அந்த ரோஜா வாசனைக்காரி யாருன்னு பார்க்க வேணாமா?"

வழி முழுக்க அவர் ரோட்டைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். இத்தனை நாள் வராதவள், கார் பறிபோகக்கூடிய நாளில் வருகிறாள்.

ஓடுதளத்தில் நீலக் கார் ஏற்கெனவே வரிசையில் நின்றது. பல் டாக்டர் இறங்கி வந்து, "வாங்க வாங்க" என்று மனைவியை வரவேற்றார். "நீங்க வந்திருக்கீங்க, இன்னிக்கு மெதுவாப் போறேன்."

"உங்க இஷ்டம் அண்ணா. காரை வித்துட்டா அந்த இடத்துல துணி காயப்போடலாம்னு இருக்கேன்" என்றாள் அவள்.

பார்த்தீர்களா, பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று ஆடிட்டர் தனக்குள் குறித்துக்கொண்டார்.

அவர்கள் முறை நெருங்கியது. ஆடிட்டர் காருக்குள் மடங்கினார். அந்தக் காரில் ஏறுவதென்றால் முதலில் பின்பக்கம், பிறகு முதுகு, பிறகு தலை, கடைசியாகக் கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியின் மூக்குக்கு நேராக அவருடைய இடது ஷூவின் அடி ஒரு கணம் நின்றது. அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"விடு, நேரமாச்சு."

"இருங்க. அந்தப் படத்தைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

ஒரு காலை அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுகால் உள்ளேயும் உடம்பு இருக்கையிலுமாக, ஆடிட்டர் போனை எடுத்துக் காட்டினார். அவள் படத்தையும் அடியையும் மாறி மாறிப் பார்த்தாள். வழுவழுத்த தோல். ரோஜா வாசனை. பெருவிரல் பக்கம் பிறை.

"திருடனைப் பிடிச்சாச்சு" என்றாள். "திருடன் கால் என் கையில இருக்கு."

ஆடிட்டர் எட்டிப் பார்க்க முயன்றார். அந்தக் காருக்குள் தன் காலின் அடியைத் தானே பார்க்க இன்னொரு இடுப்பு வேண்டும். அவள் விரலால் அடியைத் தேய்த்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். விரல் வெள்ளையாக இருந்தது.

அப்போதுதான் அவருக்குக் கணக்கு நேரானது. பெடலில் பவுடர். பெடலிலிருந்து ஷூவுக்கு. ஷூவிலிருந்து மேட்டுக்கு. போன ஞாயிறு கால் வழுக்கியது பெடலைத் திருகியதால் அல்ல, பெடலுக்குப் பவுடர் போட்டதால். இன்றைக்கோ டின்னே காலி.

"துடைச்சுடறேன்" என்று காய்ந்த துணியை எடுத்தார்.

"அதால தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் பளபளன்னு ஆக்கி வெச்சிருக்கீங்க. தள்ளுங்க." அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள், உள்ளே குனிந்து மூன்று பெடல்களையும் அழுத்தித் துடைத்தாள். அவருடைய வலது ஷூவின் அடியில் வரிகள் இன்னும் தேயாமல் இருந்தன. அதுவும் துடைத்ததும் சரியாயிற்று. இடது அடி ஈரத்தில் சோப்புக்கட்டி மாதிரி ஆனது.

அவள் நிமிர்ந்தாள். குனிந்து தன் இடது ஷூவைக் கழற்றினாள்.

"இதைப் போட்டுக்குங்க. ரப்பர் அடி. பிடிக்கும்."

இளஊதா ஷூ அவர் மடியில் விழுந்தது. முன்னால் இருந்த கார்கள் சீறிக்கொண்டு கிளம்பின. அடுத்தது அவர்கள்தான். தண்ணீர் ஊற்றுகிறவர் கையை அசைத்துக் கூப்பிட்டார்.

ஆடிட்டர் ஷூவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவருக்குப் பழகாத தடித்த அடி. தான் தோற்றால் துணி காயப்போட இடம் தேடுகிறவள் கொடுக்கிற ஷூ. இத்தனை வருஷச் சேவையில் இப்படி ஒரு பரிசை யாராவது நீட்டியிருந்தால் அதை உறையில் போட்டு முத்திரை வைத்திருப்பார்.

"உனக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்டேவிட்டார்.

அவள் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக நின்றுகொண்டு அவரைப் பார்த்தாள்.

"நேத்து படுத்துக்கிட்டு யோசிச்சேன். கார் போயிடுச்சுன்னா நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்லதான்."

"வீட்லதான். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். என் ஷூ, என் பவுடர், என் போன், பால்காரர், பக்கத்து வீடு, எல்லாத்தையும் தணிக்கை பண்ணிக்கிட்டு." அவள் கதவைச் சாத்தினாள். "அதுக்குத் துணி வேற எங்கயாவது காயட்டும்."

ஆடிட்டருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அன்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். இது சுயநலம், சுத்தமான, ஓட்டை இல்லாத சுயநலம். இதற்கு மேல் ஆதாரம் கேட்க அவருக்கே வாய் வரவில்லை. பழைய ஷூவை உதறினார், விரல்களைச் சுருட்டிக்கொண்டு இளஊதா ஷூவுக்குள் காலைத் திணித்தார். குதிகால் வெளியே நின்றது.

வாளித் தண்ணீரில் டயரை நனைத்தார், வாளிக்காரரைப் பார்க்காமலே. டயரைச் சுழற்றிப் புகையவிட்டார், கோட்டில் நிறுத்தினார். பக்கத்தில் பல் டாக்டர் ஹெல்மெட்டுக்குள்ளும் சிரித்தார். கிளட்ச் தரையோடு போனது. முதல் கியர். என்ஜின் தன் ஸ்வரத்துக்கு ஏறியது. தடித்த அடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. முதல் மஞ்சள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மஞ்சளில், நசுங்கிக்கொண்டிருந்த பெருவிரலில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. கார் முதுகை வளைத்தது. கால் வழுக்கவில்லை; அந்த ரப்பர் பெடலைக் குழந்தை கையைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தது. பச்சை.

சிவப்புக் கார் கிளம்பிய வேகத்தில் அதன் நிழல் கோட்டிலேயே தங்கிவிட்டதாகவும், அதைச் சங்கத்தார் பிறகு கொண்டுபோய்ச் சேர்த்ததாகவும் சொல்கிறார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் மறுமுனையில் நீலக் கார் வந்து நின்றபோது ஆடிட்டர் இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார் என்பது சத்தியம். யார் உதவியும் இல்லாமல் அந்தக் காரிலிருந்து அவர் இறங்கியது அன்று ஒரு நாள்தான்.

பல் டாக்டர் கைகுலுக்கினார். சிரிப்பு இருந்தது, ஆனால் கண்கள் சிரிக்கவில்லை. சொத்தைப் பல்லைத் தேடுகிற பார்வையோடு காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, மேட்டெல்லாம் என்ன வெள்ளையா இருக்கு?"

"தூசி."

"வாசனையா இருக்கே."

"நல்ல தூசி."

அவர் பார்வை மெல்ல இறங்கி, ஆடிட்டரின் இடது காலில் வந்து நின்றது.

"அது?"

"கால் வலி" என்றார் ஆடிட்டர்.

பல் டாக்டர் தன் காருக்குத் திரும்பும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ஆடிட்டருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

அன்று மாலை மனைவி கூடத்தில் உட்கார்ந்து, விரிந்துபோன இளஊதா ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தாள். போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அப்பா வந்ததும் அம்மாவோட பவுடர் டின்னை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குள்ள போனார். உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். அம்மாவோட இடது ஷூவையும் காணோம். அங்க இன்னிக்கு என்ன நடந்துச்சு?"

ஆடிட்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். மனைவி தலை தூக்கிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, ஒரு கணம் கழித்து மறுபடி திறந்தார்.

"ஒண்ணும் நடக்கல மாப்ள. அப்பாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தாராளமாப் போடச் சொல்லுங்க. கிளட்ச்சுல நல்லாப் பதியணும்."

போனை வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டு ஷெட் இருக்கும் திசையைப் பார்த்துச் சந்தோஷமாக மூச்சுவிட்டார். அடுத்த ஞாயிறு நீலக் கார் தவளை மாதிரித் தாவுவது கண்ணுக்குள் வந்தது. மெல்லச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏன்?" என்றார்.

"என்ன ஏன்?" என்றாள் மனைவி.

"சொந்த அப்பா விஷயத்தை மாப்ள எதுக்கு என்கிட்ட வந்து சொல்றார்?"

அவள் இளஊதா ஷூவை எடுத்து அலமாரிக்குள் வைத்து, பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோனாள்.